சிக்னலில் வண்டி என்ன செய்தது?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா என்னிடம் கதை கேட்கவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "எழுத்தாளன் எழுத்தாளன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறியே, எங்க, ஒரு வார்த்தை குடு பார்ப்போம்" என்றாள். என்னால் முடியவில்லை. ஒரு வார்த்தை கிடைக்காதவன் ஆயிரம் வார்த்தை எழுதித் தப்பிக்கப் பார்க்கிறான். நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

வெள்ளிக்கிழமை காலைக்குள் வேண்டுமாம். இன்று வியாழன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி படர்ந்த அந்த அதிகாலையில், சோதனைத் தடத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளை வேன்—"

வேண்டாம். பனியும் இல்லை, அதிகாலையும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டாவது தொடக்கம்:

"சுற்றுச்சூழல் மாசு பெருகிவரும் இவ்வேளையில், அரசும் தொழில்துறையும் கைகோத்து—"

இதைப் படித்துவிட்டு அக்கா, "எங்க ஆபீஸ் வாசல்ல தொங்குற பேனரைப் பார்த்துக் காப்பியடிச்சியா?" என்று கேட்டாள். சரி, நேராகவே சொல்கிறேன். என் அக்கா ஒரு வாகன கம்பெனியில் இன்ஜின் பொறியாளர். அரசு ஆய்வுக்கூடமும் அவளுடைய கம்பெனியும் சேர்ந்து ஒரு வேன் செய்கின்றன. அரசு சோதனைத் தடமும் நிதியும் தருகிறது. கம்பெனி இன்ஜினும் ஆட்களும் தருகிறது. சண்டையை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகத் தருகிறார்கள். [இந்த வரியை எடுத்துடு. – அக்கா] [மாட்டேன். – நான்]

வேனின் விசேஷம் இதுதான். சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் இன்ஜின் தானாகவே அணைந்துவிடும். டீசல் எரியாது, புகை வராது. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் சட்டென்று மறுபடி ஓடத் தொடங்கும். நகரத்துக்குள் ஓடுகிற வண்டி பாதி நேரம் சிக்னலில்தானே கிடக்கிறது? அந்த நேரத்து டீசல் அவ்வளவும் மிச்சம்.*

* பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைப் பேட்டரியில் சேர்ப்பது பற்றியும் அக்கா நெடுநேரம் விளக்கினாள். நான் தலையாட்டினேன். நீங்களும் ஒருமுறை ஆட்டிவிடுங்கள், மேலே போகலாம்.

3

கதை என்றால் ஒரு வில்லன் வேண்டாமா? ஆள் தயாராக இருந்தார். அரசுத் தரப்பு அதிகாரி. எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பாராம். அக்காவின் குழுவில் அவருக்குப் பெயரே பார்க்கலாம் சார்தான். நான் அவருக்கு ஒரு தடித்த மீசை வைத்தேன். கோப்பை வேண்டுமென்றே மெதுவாகப் புரட்டும் விரல்கள் வைத்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து—

"அவருக்கு மீசையே கிடையாதுடா" என்றாள் அக்கா. "அதோட, அவர் ரொம்ப நல்லவர்."

"நல்லவர்னா கதை நகராதேக்கா!"

"அதுக்கு நான் என்ன பண்றது? எங்க கம்பெனிக்காரங்களே 'போதும், மூட்டை கட்டிடலாம்'னு சொன்னப்போ, மேலிடத்துல போய் மல்லுக்கட்டி நிதி வாங்கிட்டு வந்தவர் அவர். கொட்டுற மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்து தடத்துல நிப்பார். உன் கதைக்காக அவரைக் கெட்டவராக்கினே, அப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வராதே."

மீசையை எடுத்துவிட்டேன். விரல்களையும் விட்டுவிட்டேன். சேர்ந்து வேலை செய்ததில் ஒரு வேடிக்கை வேறு நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் கம்பெனி மேலாளர் எதற்கெடுத்தாலும் "பார்க்கலாம்" என்கிறாராம். அதிகாரி "ஓகே, டன்!" என்கிறாராம். கூட்டு முயற்சி என்பது இதுதான் போலிருக்கிறது.

4

ஆகவே வில்லன் வேலையை ஒரு சொல்லிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

போன வாரம் அந்தக் கொட்டாவி மதியத்தில், பார்க்கலாம் சார் வேனில் ஏறி நகரத்துக்குள் ஒரு சுற்றுப் போனார். அக்காதான் ஓட்டினாள். வண்டி ஜம்மென்று போனது. சிக்னல் விழுந்தது, வண்டி நின்றது, இன்ஜின் அணைந்தது. எல்லாம் கணக்காக நடந்தது. சரியாக அப்போது சாரின் போன் அடித்தது. மறுமுனையில் துறைச் செயலாளர் அம்மா. அடுத்த கட்ட நிதிக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்.

"என்ன சார், வண்டி எப்படி இருக்கு?"

"பிரமாதம் மேடம்! சிக்னலுக்கு வந்ததும் அப்படியே நின்னுடுச்சு!"

மனிதர் பெருமையாகத்தான் சொன்னார். நம் பேச்சில் பிரேக் போட்டாலும் வண்டி நின்னுடுச்சு, கோளாறாகி நடுத்தெருவில் கழுத்தறுத்தாலும் நின்னுடுச்சு. அதற்குள் விளக்கு பச்சையாகி, பின்னாலிருந்து ஹாரன் அலற, லைன் கட்டாகிவிட்டது.

சாயங்காலத்துக்குள் தலைமை அலுவலகம் முழுக்கப் பரவிய வதந்தியில் அந்த வேன் நடுரோட்டில் படுத்துவிட்டது. மறுநாள் பொறியாளர்களே இறங்கித் தள்ளினார்கள். அதற்கும் மறுநாள் புகை வேறு வந்ததாம்! பார்க்கலாம் சார் பதறியடித்துக்கொண்டு ஓடினார். "இல்ல மேடம், நின்னது உண்மைதான். ஆனா அது நிக்கல" என்றாராம். பாவம், அவருக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை நானே ஏறிப் பார்க்கறேன். அப்புறம் முடிவு" என்றுவிட்டார் செயலாளர் அம்மா. அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் திட்டமும் நின்றுவிடும். (பாருங்கள், இங்கேயும் அதே சொல்!) குழு கலைந்துவிடும். அக்காவை சீட் கவர் பிரிவுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது.

"சீட் கவர்டா!" என்றாள் அக்கா. "கலர் சரியா இருக்கான்னு நான் பார்க்கணுமாம். எனக்கு இன்ஜினைத் தவிர என்ன தெரியும்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் பயந்துபோயிருந்தாள். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை.

5

இன்ஜின் அணையும்போது ஓட்டுநருக்கு முன்னால் இருக்கிற சின்னத் திரையில் ஒரு சொல் வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரக் கூடாது. தேநீரும் கையுமாக இரண்டு தரப்பும் உட்கார்ந்து சொல் தேடிய அந்தக் கூட்டத்தை அக்கா சொன்னபடியே தருகிறேன்.

"அணைந்தது" என்றார் ஒருவர். கம்பெனி மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, வாயில வைக்காதீங்க. அபசகுனம்."

"தூங்குகிறது?"

"அரசாங்கத் திட்டத்துல தூங்குதுன்னு எழுதறதா?" என்றார் பார்க்கலாம் சார். "நாளைக்கே பேப்பர்ல கொட்டை எழுத்துல வந்துடும்."

"அப்ப ஓய்வு?"

"எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்மா. என்னைப் பார்த்துச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றார் மறுபடி அவரே.

"காத்திருக்கவும்னு போட்டா என்ன?" என்று அக்கா கேட்டாள். "உங்க ஆபீஸ் கவுண்டர்ல எல்லாம் எழுதி வச்சிருக்கீங்களே, ஜனங்களுக்குப் பழக்கப்பட்ட வார்த்தை." முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் பார்க்கலாம் சார்தான்.

அப்புறம்தான் எனக்குப் போன் வந்தது. கம்பீரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு "தியானம்" என்றேன்.

"டிரைவரும் சேர்ந்து கண்ணை மூடிக்கிட்டா?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தாள்.

6

இன்று காலை என்னை அந்த வேனில் ஏற்றிக்கொண்டு போனாள். வண்டியில் உட்கார்ந்தாலாவது எனக்குச் சொல் வருமா என்று பார்ப்பதற்காக. மருந்துக்கடை, தையற்கடை, பள்ளிக்கூடத்துச் சுவர், அதைத் தாண்டினால் சிக்னல். சிவப்பு விழுந்தது. காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு சட்டென்று அடங்கியது.

இந்தக் கதையை ஐந்து பகுதி எழுதி முடித்தவன் நான். என்ன நடக்கும் என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவன். இருந்தும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஐயையோ, நின்னுடுச்சுக்கா!"

ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை அவள் சிரித்தாள். பிறகு, "பேசாம இரு. கேளு" என்றாள். பக்கத்தில் ஒரு லாரி உடம்பெல்லாம் உதறிக்கொண்டு புகை கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் நின்ற ஸ்கூட்டரில் ஒரு சின்னப் பெண் அப்பாவின் முதுகில் தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் வேனுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

"இத்தனை வருஷமா நான் செஞ்சது இதைத்தான்டா" என்றாள் அக்கா.

எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். [இப்ப சொல்லிட்டே, போதும். – அக்கா]

7

முடிவு அ: செயலாளர் அம்மா இறங்குகிறார். "அருமையான வண்டி" என்கிறார். கையெழுத்து. கைதட்டல். பார்க்கலாம் சார் அக்காவின்—

[எழுதாதே. கண்ணு பட்டுடும். – அக்கா]

முடிவு ஆ: செயலாளர் அம்மா ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடக்கிறார். அடுத்த மாதம் அக்கா ஒரு மேசையில், விரித்துப் போட்ட துணிகளுக்கு முன்னால்—

இதற்கு அக்கா எந்தக் குறிப்பும் எழுதவில்லை. படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். எழுந்து போய்ச் சமையலறையில் கழுவி வைத்த டம்ளர்களையே மறுபடி கழுவினாள். நான் அந்த முடிவைக் கிழித்துப் போட்டேன். இங்கே இருப்பது அது முன்னே இருந்ததற்கான அடையாளம் மட்டும்.

8

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. என் கையிலிருந்தால் நான் பாரபட்சமாகத்தான் எழுதுவேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

செயலாளர் அம்மாவுக்கு நான் முகமே கொடுக்கவில்லை, கவனித்தீர்களா? வயது சொல்லவில்லை, குணம் சொல்லவில்லை. அந்த இடத்தை உங்களுக்காகத்தான் காலியாக வைத்திருந்தேன். ஏறி உட்காருங்கள். பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் பார்க்கலாம் சார், போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். பின்னால் கம்பெனி மேலாளர், ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். சின்னத் திரையில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.

சிவப்பு விழுந்துவிட்டது. வண்டிக்குள் சத்தம் அடங்கிவிட்டது. நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள். என் அக்கா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் உங்களையே பார்க்கிறாள்.

கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.