சாயங்கால இடுப்பு

"ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

"தையல் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போனப்புறம்தான் டாக்டர். பத்தாயிடும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, படுத்துடுவோம்."

மருத்துவர் சிரித்துவிட்டாள். மாதவிலக்கு நிற்கும் வயதில் ஹார்மோன் ஏறி இறங்கும்போது சிலருக்கு வயிறும் மந்தமாகிவிடும். நேரத்தோடு நிதானமாகச் சாப்பிட்டுக் கொஞ்சம் நடந்தால் சாயங்காலமானால் வரும் உப்புசம் குறையலாம் என்றாள். "ஏழு மணிக்கே கடையைச் சாத்தச் சொல்லுங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட."

"சொல்றேன் டாக்டர்."

சொல்வதாகச் சொல்லி மாதங்கள் ஓடிவிட்டன. தையற்காரிக்கு வாய் வரவில்லை. எதிர்க்கடை விளக்கு அணையாமல் தன் கடை விளக்கை அணைப்பதில்லை என்பது கணவரின் வீம்பு. அதோடு, கேட்டால் காரணம் சொல்லவேண்டும். 'இவளுக்கும் வயசாயிடுச்சா' என்று அவர் பார்த்துவிட்டால்? எதற்கு வம்பு என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கே முழுக்குப் போட்டாள். தினமும் ஒரே பாட்டு: "பசியில்லைங்க."

அவள் தைப்பவள், அவர் துணி வெட்டுபவர். வெட்டுகிறவர் கண் சும்மா இருக்குமா? காலையில் அவள் ஸ்கர்ட் இடுப்பில் தொளதொளவென்று நிற்பதைக் கவனித்தார். இளைத்துப்போனாளே என்று மனசு அடித்துக்கொண்டது. ராத்திரி அவள் குளிக்கப் போன நேரத்தில் கமுக்கமாக இடுப்பைப் பிடித்துத் தைத்து, பொத்தானையும் மாற்றித் தைத்து வைத்தார். மறுநாள் காலை கச்சிதமாகத்தான் இருந்தது.

சாயங்காலம், கல்யாணப்பெண் ஒருத்தி அளவு கொடுக்க வந்திருந்தாள். கீழே விழுந்த ஊசிப்பெட்டியை எடுக்கத் தையற்காரி குனிந்தாள். படக்! பொத்தான் தெறித்துப்போய்க் கணவரின் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. கல்யாணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "நாளைக்கு வரேன் ஆன்ட்டி" என்று நழுவினாள்.

"நான் தைச்ச பொத்தான் அறுந்ததே இல்லையே!" என்றார் அவர்.

"ஓ, இது உங்க வேலையா?"

"சரியா அளந்துதாம்மா பிடிச்சேன்."

"காலையில அளந்தீங்க. சாயங்காலம் இது வேற ஆளோட வயிறு!"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "ராத்திரி ஏன் சாப்பிட மாட்டேங்கற? எம்மேல ஏதாவது கோபமா?"

அந்தக் குரலில் பயம் இருந்தது. அதே நேரம் பார்த்து அவள் கழுத்தில் குப்பென்று அனல் ஏறியது. ஒரு கையால் ஸ்கர்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அளவுக் காகிதத்தை எடுத்து விசிறிக்கொண்டாள்.

"கோபமெல்லாம் இல்லைங்க. மாசாமாசம் வர்றது நிக்கற வயசு வந்துடுச்சு. வயிறு எம் பேச்சைக் கேக்கறதில்ல. ஒண்ணு கேப்பேன், எதிர்க்கடையைப் பாக்காம பதில் சொல்லணும்."

"கேளேன்."

"ஏழு மணிக்குக் கடையைச் சாத்துங்க. எனக்கு உங்ககூட உக்காந்து நிதானமா சாப்பிடணும். அப்புறம் கொஞ்ச தூரம் எங்கூட நடந்து வாங்க."