முப்பது மைல் தூரத்து வெந்நீர்

"பெஞ்சுல இடது ஓரமாப் பாத்து உக்காருங்க. காத்து திரும்பினாலும் ஆவி மூஞ்சில அடிக்காது. ஃபிளாஸ்க்ல காபி கொண்டுபோங்க. ஊத்து கிளம்ப முன்னப்பின்ன ஆகும். வழியில காட்டெருமை நின்னா ஹாரன் அடிக்காதீங்க, அதுவா நகரும்" என்று மோட்டலின் வரவேற்பு மேஜைக்குப் பின்னாலிருந்து வெர்லா வழக்கம்போல ஒப்பித்தாள். ஓஹாயோவிலிருந்து வந்திருந்த அம்மாள் சாவியை வாங்கிக்கொண்டு, "நீங்க எத்தன தடவ பாத்திருப்பீங்க?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் கணக்கே விட்டுப்போச்சுங்க."

அதில் கணக்குப் போட ஒன்றுமில்லை. முப்பது மைல் தள்ளி, பூங்காவுக்குள் அவ்வப்போது வானத்துக்குப் பீறிட்டெழும் அந்த வெந்நீர் ஊற்றை வெர்லா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இடது ஓரப் பெஞ்சு, ஆவி, காபி எல்லாமே பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னது. கல்யாணமான கையோடு தேனிலவுக்கு அவளும் ராய்ஸும் நெப்ராஸ்காவிலிருந்து பூங்கா வாசலில் இருக்கும் இந்த வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊருக்கு வந்தபோது, பனிக்காலத்துக்காக முதல் நாள்தான் பூங்காவின் சாலையை மூடியிருந்தார்கள். தங்கிய மோட்டலிலோ குழாய் வெடித்துத் தண்ணீர் கூரைவரை பீய்ச்சியது. ராய்ஸ் பிளம்பர். சும்மா இருப்பானா? குழாயைச் சரிசெய்தான், கொதிகலனைச் சரிசெய்தான், வசந்தம் வருவதற்குள் மோட்டலையே வாங்கிவிட்டான். இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. கோடையில் கூட்டம் மூச்சுவிட விடாது, குளிர்காலத்தில் சாலை இருக்காது. இடையில் கிடைக்கும் சில நாட்களில் ராய்ஸுக்கு ஒரு குழாய் கிடைத்துவிடும்.

அந்த அம்மாள் கேட்ட கேள்வி வெர்லாவுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆறாம் நம்பர் அறைக் குளியலறையில் ராய்ஸ் கைகழுவும் தொட்டிக்கடியில் படுத்திருந்தான். வெளியே தெரிந்த கால்களோடுதான் அவள் பேசவேண்டியிருந்தது.

"வியாழக்கிழமை போறோம். அடுத்த வாரம் ரோட மூடிருவாங்க."

"போலாமே."

"இந்தப் போலாமேயத்தான் நான் கல்யாணத்துலருந்து கேக்குறேன். இந்தத் தடவ நீ வரலன்னா நான் தனியாப் போயிருவேன் ராய்ஸ். பாத்துட்டு வந்து உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

"சாண்ட்விச்சுல கடுகு சாஸ் கொஞ்சமாப் போடு" என்று தொட்டிக்கடியிலிருந்து குரல் வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் நம்பவில்லை.

அதன்பிறகு திட்டம் போடுவதில் இருவரும் அடித்துக்கொண்டார்கள். முதலில் ஊற்று என்றாள் அவள். முதலில் ஓநாய் என்றான் அவன். விடியற்காலையில் எழுந்தால்தான் ஓநாய் தெரியுமாம். "நீ குறட்ட விட்டா ஓநாய் இந்த மாநிலத்துலயே இருக்காது" என்று அவள் சொன்னதும் ஊற்றே ஜெயித்தது. தேனிலவுக்கு வாங்கிய சிவப்புக் கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்தாள். பொத்தான் போட முடியவில்லை. திறந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். வெர்லாவின் மடியில் ஹாம் சாண்ட்விச்சும் ஹக்கிள்பெரிப் பழப் பலகாரமும் இருந்தன. ராய்ஸ் சாவியைத் திருகப்போன நேரத்தில், மோட்டலின் மூலையிலிருந்து ஒரு காட்டெருமை ஆடி அசைந்து வந்து அவன் பக்கத்துக் கதவை ஒட்டி நின்றது. அதன் மூச்சுப்பட்டுக் கண்ணாடி வெளுத்தது.

"ஹாரன் அடிக்காத. அதுவா நகரும்" என்றாள்.

உள்ளே அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது.

"நாம கிளம்பினா அந்த ஃபோனுக்கு மூக்குல வேத்துரும்" என்றாள் வெர்லா. ராய்ஸின் கை தானாகக் கதவுப்பிடிக்குப் போனது. கதவைத் திறந்தால் எருமை மேல் இடிக்கும். கை அங்கேயே நின்றது. மணி ஓய்ந்து மறுபடி அடித்தது. கொதிகலனாக இருக்கலாம், ஆறாம் நம்பராக இருக்கலாம்.

எருமை நகர்ந்தது. இப்போது கதவுக்கு வழி இருந்தது. வெர்லா அவனைப் பார்க்கவில்லை. கண் கலங்கியது, அதைப் பார்த்து இரக்கப்பட்டு அவன் வருவது அவளுக்குப் பிடிக்காது. சாண்ட்விச் பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்திருந்தாள்.

ராய்ஸ் கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்துச் சாவியைத் திருகினான்.

எருமை தெருவின் நடுவே பூங்கா வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தது. ஒதுங்கும் எண்ணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. கார் அதன் வாலுக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர்ந்தது. அலுவலகத்தின் மணிச் சத்தம் இன்னும் கேட்டது.

"இந்த வேகத்துல போனா எப்பப் போய்ச் சேருவோம்?" என்றான் ராய்ஸ்.

வெர்லா பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை அவனிடம் நீட்டினாள். முன்னால் போன எருமை ஒருமுறை நின்று, அவர்களைத் திரும்பிப் பார்த்து, மூக்கிலிருந்து பெரிதாக ஆவியைப் பீய்ச்சியது.