ஆரோக்கியமானவர்களின் வரிசை

மொண்டெவிடியோவில் எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தம் வேண்டுமென்றால் வெளியே யாரையும் தேடமாட்டோம். நாங்களே கையை நீட்டுவோம். பதிலுக்கு பேக்கரியிலிருந்து சூடாக பிஸ்கோச்சோ பன் வரும். அதற்காகவே ரத்தம் கொடுக்கும் ஆட்களும் உண்டு, பெயர் எதற்கு.

ரத்தத்திலுள்ள டி செல்கள் நமக்குக் காவல். சிலருக்கு அந்தக் காவலே திரும்பி, மூளை நரம்புகளின் மேலுறையைக் கடித்துக் குதறுகிறது. அந்த உறையின் துணுக்கைக் காட்டினால் போதும், நோயாளியின் செல்லுக்குள் சமிக்ஞை ஓடும், கருவியில் ஒளி தெரியும். மற்றவர்களின் செல் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. எங்கள் ஆய்வு மாணவி ஃபியோரெல்லாவின் முனைவர் பட்டம் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நின்றது.

ஆனால் ஆரோக்கியமானவர்கள் வரிசையில் ஒரு குழாய் மட்டும் ஒவ்வொரு முறையும் பளீரென்று ஒளிர்ந்தது. குழாயில் எண்தான் இருக்கும். முடிவு வரும்வரை ஆள் யாரென்று பார்க்கக் கூடாது.

"குழாயை மாத்தி வெச்சிருக்கே," என்று ஃபியோரெல்லாவிடம் சொன்னார் ஆய்வகத் தலைவர் வாஷிங்டன். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலைய வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

தாழ்வாரத்தில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் கோப்பை கைமாறிக்கொண்டிருந்தது. "உன் கை பட்டா செத்த செல்லுகூட சண்டைக்கு வரும்டி," என்றார் மூத்த ஆய்வாளர் நெலிடா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஃபியோரெல்லா கோப்பையை வாங்காமலே உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவள் எங்கள் எல்லோரிடமும் மறுபடியும் ரத்தம் எடுக்க வந்தாள், முதலில் நெலிடாவிடம். நான் பக்கத்து மேசையில் இருந்தேன்.

"மன்னிச்சிருங்க நெலிடாக்கா, என் தப்புக்கு உங்க கைய குத்திக்கிட்டே இருக்கேன். இந்தத் தடவை ஜாக்கிரதையா இருப்பேன்."

நெலிடா கையை நீட்டினார். குழாய் நிறைந்தது. ஃபியோரெல்லா அதை ஆரோக்கியமானவர்கள் வரிசையில் வைக்கப் போனாள்.

"அங்க வேணாம். அந்தப் பக்கம் வை."

"அது நோயாளிங்க வரிசைக்கா."

"தெரியும். போன குளிர்காலத்துல ஒரு கண்ணு மங்கிப் போச்சு. இதே நோய்தான்னு அப்பவே டாக்டர் சொல்லிட்டாரு."

எனக்குத் தலை குனிந்தது. இத்தனை வருடம் இந்த நோயைத் துருவித் துருவிப் பார்த்தவர், தானும் ஒரு குழாயாகிவிடுவோமோ என்று பயந்து மறைத்திருக்கிறார்.

"அப்போ என் கை..." என்றாள் ஃபியோரெல்லா.

"உன் கைல ஒரு குறையும் இல்ல. இப்பவே வாஷிங்டன்கிட்ட போய்ச் சொல்றேன்."

ஃபியோரெல்லா குழாயை இடம் மாற்றி வைத்தாள். பஞ்சை எடுத்து நெலிடாவின் முழங்கை மடிப்பில் மெதுவாக அழுத்தினாள்.

"நேத்து சிரிச்சப்பவும் உங்களுக்குத் தெரியும், இல்ல?"

நெலிடா பஞ்சைத் தானே பிடித்துக்கொண்டார்.

"தெரியும்," என்றார்.