முதல்வரின் கோட்டும் பேசாத பாடமும்

மனையியல் டீச்சர் அன்று வாயைத் திறந்தால் வேலை போய்விடும். சும்மா மிரட்டல் இல்லை. பள்ளி முதல்வரே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னது.

பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கான சாயங்கால வகுப்பு அது. ஆளுக்கொரு மொழி. டீச்சர் பாதி பேச்சு, பாதி சைகை என்று தானே செய்துகாட்டி, எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். முதல்வருக்கு அது பிடிக்கவில்லை. ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கு ஞானம் பிறந்திருந்தது.

“படம்தாம்மா உலகத்துக்கே பொது மொழி. படம் பேசும், நீங்க பேசக் கூடாது. இன்னிக்கு கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வர்றார். ஒரு வார்த்தை பேசினாலும் என் திட்டம் போச்சு. திட்டம் போனா உங்க தற்காலிக வேலையும் போச்சு.”

“எது முதல் படம்னு நம்பராவது போட்டுடலாமா சார்?”

“நம்பரும் மொழிதாம்மா.”

“ஒரு அம்புக்குறி?”

“அம்பு வன்முறை.”

அதிகாரி வந்து உட்கார்ந்தார். சுவர் நீளத்துக்குப் படங்கள்: அழுக்குக் கூடை, ஊறவைப்பது, சோப்புப் போடுவது, அலசுவது, காயப்போடுவது, இஸ்திரி. முதல்வர் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். காலையில் மார்பில் கொட்டிக்கொண்ட டீக்கறை அதில் பதக்கம் மாதிரி இருந்தது.

“வேற துணி எதுக்கு? என் கோட்டே போதும்!” என்று முன்வரிசையில் படிக்க உட்கார்ந்திருந்த தையல்காரரிடம் நீட்டிவிட்டு, அதிகாரி பக்கம் திரும்பித் தன் திட்டத்தின் மகிமையை விளக்க ஆரம்பித்தார்.

தையல்காரர் மரியாதையாக வாங்கிக்கொண்டார். தன் ஊர் எழுத்தைப் படிக்கிறபடியே வலமிருந்து இடமாகப் படங்களைப் படித்தார். நேரே போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார்.

டீச்சர் பார்த்துக்கொண்டே நின்றாள். சூட்டில் கறை ஏறிவிட்டால் ஏழு ஜென்மத்துக்கும் போகாது. கத்தினால் வேலை போகும், கத்தாவிட்டால் கோட்டு போகும். கோட்டு அவருடையது, வேலை தன்னுடையது. உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

கறைமேல் ஆவி பறக்க நாலு இழுப்பு. பிறகு கோட்டு கொடிக்குப் போனது. காய்ந்த துணியைக் காயப்போட்டு என்ன காணப்போகிறார் என்று அதிகாரி, முதல்வரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அப்புறம் அலசல். சோப்பு. ஊறல். கடைசியில் நுரை சொட்டச் சொட்ட அழுக்குக் கூடைக்குள் பக்குவமாக மடித்து வைத்துவிட்டு, தையல்காரர் நிமிர்ந்தார். பாதி வகுப்பு கைதட்டியது. மீதிப் பாதி தலையில் அடித்துக்கொண்டது.

முதல்வர் திரும்பினார். “ஐயோ, என் கோட்டு! ஏம்மா, பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க? வாயில என்ன வச்சிருக்கீங்க?”

டீச்சர் சுவரிலிருந்த படங்களைக் கைகாட்டினாள்.

“பேசித் தொலைங்களேன்!”

“பேசினா வேலை போயிடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு தோள் வழியாக வெளியே வந்தது.

“அடுத்த வருஷமும் நீங்கதாம்மா இந்த வகுப்பு எடுக்கணும். பேசியே எடுங்க” என்றார் அதிகாரி.

“அதைக் கொஞ்சம் எழுதிக் கொடுத்துடுங்க சார்.” அடைத்துவைத்த வாய் இல்லையா, திறந்த வேகத்தில் அதுவும் வந்துவிட்டது.

அதிகாரி பேனாவைத் தேட, அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். “அண்ணே, வாங்க. மறுபடியும் துவைப்போம்.”

தையல்காரருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.