வெள்ளைப் பூ வராத வீடு

எங்கள் வீட்டைப் பேய் வீடு என்று யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஜொகூர் பாருவில், கையகல நிலத்துக்கும் ஆளாளுக்கு அடித்துக்கொள்ளும் தாமான் குடியிருப்பில், மூலை வீடு. சமையலறை ஓட்டைப் பிளந்துகொண்டு ஜம்பு மரம் வளர்ந்து நிற்கிறது. பேயெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் கூலாயிலிருந்து பஸ் ஏறி வந்து, பின்பக்கம் விளக்கேற்றிவிட்டுப் போகும் நான்தான் அதில் மங்கலாகத் தெரிகிறேன்.

"ரூபினி, பீலா மாவு ஜுவால்?" எப்போது விற்கப்போகிறாய் என்று பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வாராவாரம் கேட்பார். அவரிடம் என்ன சொல்ல?

காரணம் வேப்பமரத்தடியில் இருக்கிறது. அப்பா வைத்துக் கும்பிட்ட முனீஸ்வரர் கல். அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, கல்லைக் கோயிலுக்கு மாற்றிவிட்டு வீட்டை விற்கலாமா என்று சாமியிடம் பூக் கேட்டோம். இலைத் துண்டில் மடித்த இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. அக்கா மகள் ஷர்மினி எடுத்தாள். சிவப்பு.

அதோடு சரி. சாமியை அசைக்கக் கூடாது, விளக்கை விடக் கூடாது. வாடகைக்கு விடலாமென்றால், சாமி இருக்கும் இடத்தில் கண்டதையும் சமைப்பார்கள் என்றார் அண்ணி. எங்களில் ஒருவர் குடியேறலாமென்றால், வீட்டை அமுக்கப் பார்ப்பதாக மற்றவர்கள் நினைப்பார்களோ என்ற பயம். அண்ணன், அக்கா, நான் மூன்று பேருக்குமே அந்தப் பயம் இருந்ததால் வீட்டுக்கு ஜம்பு மரம்தான் குடிவந்தது.

முதலில் அக்கா சந்திரமதிதான் விளக்கேற்றினார். அவருக்கு முட்டி போனதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அண்ணன் ராஜசேகரன் சிங்கப்பூர்க்காரர். தீபாவளிக்கு வந்து கும்பிட்டுவிட்டு, "நீ இருக்கிற தைரியம்லா" என்று பாராட்டிவிட்டுப் போவார். பாராட்டை வைத்து என்ன செய்வது? என் கணவர் குணாளனின் தொழிற்சாலை பினாங்குக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் அங்கே, நான் இங்கே. புருஷனோடு குடித்தனம் நடத்த ஒரு கல்லின் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அழுகைதான் வரும்.

போன வெள்ளி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். விளக்கைத் துடைத்தபடியே சொல்லிவிட்டேன்.

"அக்கா, என்னால முடியல. நான் பினாங்குக்குப் போறேன். சாமி கண்ணைக் குத்துனா குத்தட்டும்."

அக்கா கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு, "குத்தாதுடி. ரெண்டு பொட்டலத்துலயும் நான் செகப்புதான் வச்சேன்" என்றார்.

துடைத்துக்கொண்டிருந்த விளக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்பா போயி பதினாறு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள வீட்ட வித்து ஆளுக்கொரு பக்கம் போறதான்னு மனசு கேக்கல. ஒரு வருஷம் போகட்டும், மறுபடி கேட்டுக்கலாம்னு பாத்தேன். சாமி வாக்க ரெண்டாவது தடவ கேக்கக் கூடாதுன்னு உங்கண்ணன் சொல்லிட்டான். அப்புறம் எப்படி வாயத் தொறப்பேன்?"

"உங்க ஒரு வருஷத்துல என் வாழ்க்கை போச்சேக்கா!" பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கத்தினேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர்மேல் பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவர் திட்டுவார் என்று பார்த்தால், பெருமூச்சுதான் விட்டார். "அலமாக்! அப்ப அது சாமி வாக்கே இல்ல. ஐயர வச்சு கல்ல மாத்திட்டு வித்துடலாம். நீ மொதல்ல மாப்பிள்ளகிட்ட போம்மா."

உடனே குணாளனுக்குச் சொன்னேன். சாமான் ஏற்ற இப்போதே லாரி பேசுகிறேன் என்று குதித்தார். அத்தோடு கேட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். என் புத்தி சும்மா இருந்ததா? இத்தனை வருடம் எண்ணெய் ஊற்றிய சாமியிடம் சொல்லாமல் ஓடுவதா என்று உறுத்தியது. பொய்யாகக் கேட்டதை ஒருமுறை நிஜமாகக் கேட்டுவிட்டால் நிம்மதியாகப் போகலாமே.

"அக்கா, ஒழுங்கா ஒருதடவ கேட்டுடுவோம்."

"வேணாம் ரூபி. போன்னா போயிடு" என்றார் அக்கா. நான் கேட்கவில்லை. வேலியோரம் நந்தியாவட்டை பூத்திருந்தது. ஆன்ட்டி வீட்டுச் செம்பருத்தியில் ஒன்று. இந்த முறை நானே என் கையால் மடித்தேன், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. அக்கா அவற்றைக் குலுக்கிக் கல்லின் முன் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

செம்பருத்தி.

கீழே கிடந்த பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தேன். அதில் நந்தியாவட்டை ஒழுங்காகத்தான் இருந்தது.

அண்ணனுக்குச் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. "உன்ன யாரும்மா கேக்கச் சொன்னா? இனிமே வீட்ட விக்க நான் கையெழுத்து போட மாட்டேன்."

அக்கா வாய்விட்டு அழுதார். எனக்கு அதுவும் வரவில்லை. முந்தின நாள் வரைக்கும் தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலையில் கோபித்துக்கொள்ள அக்காவாவது கிடைத்தார். இந்தச் சிவப்பு நானே மடித்து, நானே எடுத்தது.

போன் அடித்தது. குணாளன். "லாரி கெடச்சிருச்சு ரூபி. ஞாயித்துக்கெழம வரச் சொல்லவா?"

"வேணாங்க," என்றேன். மேற்கொண்டு அவர் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை. விளக்குக்கு எண்ணெய் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அடுத்த வெள்ளி வரும்போது வாங்கி வர வேண்டும்.