ஒற்றைக்கண் முயல்

அப்படிச் சிரிக்க அங்கே என்ன இருக்கிறது, ஒரு பழைய பால்மா டின், பத்துப் பன்னிரண்டு சோடாப் போத்தல் மூடிகள், ஒரு முயல், அதுவும் முழு முயல்கூட இல்லை, தடித்த துணியில் தைத்த பை, இரண்டு காதும் ஒரு கண்ணும்... மற்றக் கண் எப்போதோ விழுந்துவிட்டது. அந்தப் பைக்குள் என் மகளின் வலது கை இருக்கிறது. நல்ல கை. முயல் தூங்குகிறதாம், எழுப்பக் கூடாதாம், அதனால் வேலையெல்லாம் இடது கைதான் செய்ய வேண்டுமாம். ஏஞ்சலா குனிந்து முயலிடம் "ஷ்ஷ்" என்கிறாள், கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஃபிசியோ மிஸ் பிரேமினியும் கூடவே "ஷ்ஷ்" என்கிறாள், இரண்டு தலையும் முட்டிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம். நான் சுவரோரம் பிளாஸ்டிக் கதிரையில் இருக்கிறேன், மடியில் ஏஞ்சலாவின் சுவெட்டர். மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள இந்த ஹோலுக்குள் வந்து முக்கால் மணித்தியாலம் ஆகிறது. பிள்ளை ஒரு தடவையாவது திரும்பி என்னைப் பார்த்தாளா?

ஐந்து வருடமாக மூடியே இருந்த கை அந்த இடது கை. பிறந்தபோது மூச்சு முட்டி, மூளையில் ஒரு சின்ன இடம் பட்டுப்போய்விட்டது என்றார்கள், கிளினிக் கொப்பியில் பெருமூளை வாதம் என்று எழுதினார்கள், பட்டுப்போவதென்றால் எனக்குத் தேயிலைச் செடிதான் தெரியும், அதைப் பிடுங்கி எறிவார்கள், பிள்ளையை என்ன செய்ய... கட்டைவிரலை உள்ளே வைத்துப் பொத்திய அந்தக் கையை ஒவ்வொரு நாளும் எண்ணெய் தடவிப் பிரித்தேன், விரல் விரலாக, உள்ளங்கை அழுக்கைத் துணியால் ஒற்றி எடுத்து, நான் கையை எடுத்ததும் அது திரும்பவும் மூடிக்கொள்ளும், என்னோடு கோபம் போல. மலையில் என் இடது கை வலது கைக்காகக் காத்திருக்காது, இரண்டும் போட்டி போட்டுக் கொழுந்து கிள்ளும், சுகிர்தத்துக்கு ரெண்டும் வலது கைதான் என்று கங்காணியே சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட கைகளால் ஐந்து வருடத்தில் ஆகாததை இந்த மிஸ் நான்கு மாதத்தில், டின்னையும் மூடியையும் வைத்துக்கொண்டு... அதோ, விரல் விரிகிறது, நடுங்குகிறது, மூடியைப் பிடிக்கிறது, டின்னுக்கு மேலே போய் நின்றுவிட்டது, விடு, விடுடி கண்ணு... டிங். "மிஸ்! பாத்தீங்களா மிஸ்!" மிஸ்தான் பார்க்க வேண்டுமா? நானும் பார்த்தேன். எனக்கும் இரண்டு கண் இருக்கிறது.

"என்னா சுகிர்தம், விட்டா மிஸ் ஒம் மகளத் தத்தெடுத்துருவாங்க போல" என்று பக்கத்துக் கதிரை அழகம்மாக்கா என் தொடையில் தட்டினாள், அவளுடைய மகன் கிஷாந்துக்கு அடுத்த முறை. "எடுக்கட்டுமே, எனக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்" என்று நானும் சிரித்தேன். எவ்வளவு சுலபமாகச் சிரிக்கிறேன். ஆனால் இந்த மிஸ் வேறு எங்கிருந்தாவது வந்தவளாக இருந்தால் எனக்கு இப்படி எரியாதோ? இவளும் என்னைப் போல லயத்து வீட்டுப் பிள்ளைதான், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம், அவளுடைய அம்மாவும் கூடை சுமந்தவள், அதை அவளே சொல்கிறாள், கூச்சமில்லாமல். நான் ஓ.எல். பரீட்சையில் கணக்கில் விழுந்தேன், இவள் விழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பஸ்ஸில் பிள்ளை வாந்தி எடுத்தால் இவளா மடியில் ஏந்துகிறாள்? காலுக்கு மாட்டும் பட்டை உரசிப் புண்ணானால் இவளா மருந்து போடுகிறாள்? வியாழக்கிழமை ஒரு மணித்தியாலம் சிரித்து விளையாடுகிறாள், மற்ற ஆறு நாளும் பிள்ளை மிஸ் மிஸ் என்கிறாள். கொழும்பிலிருந்து ஜூலியன் ஃபோன் எடுத்தால், அப்பாவிடமும் மிஸ் கதைதான். அம்மா என்ன செஞ்சாங்க என்று அவரும் கேட்பதில்லை.

நானும் முயல் தைத்தேன். தினமும் வீட்டில் இரண்டு மணித்தியாலம் இப்படி விளையாட வேண்டும் என்று மிஸ் ஒரு தாள் தந்திருந்தாள், நாளுக்கு ஒரு கட்டம், செய்தால் சரி போட வேண்டும். ஜூலியனின் பழைய சுவெட்டரை வெட்டி, காது வைத்து, கறுப்புப் பொத்தானில் இரண்டு கண்ணும் வைத்தேன், என் முயலுக்குக் குறை ஒன்றும் இல்லை. டின் வைத்தேன், மூடி பொறுக்கி வந்தேன், குரலைக்கூட மெல்லிசாக்கி, மிஸ் மாதிரி, முயல் தூங்குது கண்ணு என்றேன்... இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "இது மிஸ்ஸோட முயல் இல்ல!" பல்லால் பையை இழுத்தாள், மூடிகளைக் காலால் உதைத்தாள், என் மணிக்கட்டைக் கடித்தாள். ஐந்து நிமிடம் இருக்குமா? கழற்றிவிட்டேன். கழற்றிய உடனே அந்த வலது கை என் கழுத்தை இறுக்கிக் கட்டியது, வியர்வையும் சூடுமாக, அம்மா அம்மா என்று. இந்தக் கை எனக்கு, அந்தக் கையை மிஸ்ஸே வைத்துக்கொள்ளட்டும் என்று அப்போது நினைத்தேனா? நினைத்தேன். அதன் பிறகு என் முயல் அலுமாரிக்கு மேலே போனது. தாளில் மட்டும் சரி, சரி, சரி, ஒரு கட்டம்கூட விடாமல், பச்சைப் பேனையால்.

அந்தத் தாளைத்தான் மிஸ் இப்போது தூக்கிக் காட்டுகிறாள். "அழகம்மாக்கா, பாருங்க, வீட்டுல செஞ்சா இப்பிடித்தான் கை வரும். சுகிர்தம் அக்கா ஒருநாள்கூட விடல." அழகம்மாக்கா என்னைப் பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது, என்னைப் பார்த்துப் பொறாமை, எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, குனிந்து சுவெட்டர் பொத்தானைத் திருகினேன். மிஸ் முயலைக் கழற்றிக்கொண்டே வந்தாள். "அக்கா, அடுத்த மூணு கெழமை நான் இல்ல, கண்டியில ட்ரெய்னிங். எனக்குப் பதிலா யாரும் வரவும் மாட்டாங்க. நீங்க செய்றதுனால எனக்குப் பயமில்ல. ஆனா விட்டுறாதீங்க, இந்த நேரம் விட்டா கை பழையபடி மூடிக்கும்." பிறகு முயலை என் பக்கம் நீட்டினாள். "இதக் கொண்டு போங்க. பிள்ளைக்கு இதுன்னா உசுரு." வாங்கு, என்று எனக்குள் ஒருத்தி சொன்னாள், வாங்கிக்கொள், மூன்று கிழமை, இருபத்தொரு கட்டம், இந்த முறை நிஜமாகவே போடலாம்... வாங்கிக்கொண்டு போய் மாட்டி, பிள்ளை சிரித்தால்? அது மிஸ்ஸின் முயலுக்குச் சிரித்த சிரிப்பு. அழுதால்? இதுவரை முயல்மேல் பழி போட்டேன், இந்த முயலையும் மாட்டி அவள் அழுதால் யார்மேல் போடுவேன்? அப்போது என் முகத்தைப் பார்த்து என்ன சொல்வாள், நீங்க மிஸ் இல்ல என்பாளா?

"வேணாம் மிஸ். எங்ககிட்ட ஒன்னு இருக்குதானே."

"அதுவும் இருக்கட்டும் அக்கா, இதையும் வச்சுக்கங்களேன்."

"வேணாம் மிஸ்." மிஸ் நீட்டிய கை மெதுவாகக் கீழே போனது. ஏஞ்சலாவின் வலது கை என் கைக்குள் இருந்தது. அதனால்தானோ என்னவோ, அவள் முயலை நோக்கி இடது கையை நீட்டினாள். டின் இல்லை, மூடி இல்லை, நீட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை, ஐந்து விரலும் தானாக விரிந்து, கட்டைவிரல்கூட வெளியே வந்து, என் இடுப்புக்கு நேரே காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றன. வெளியே பனிமூட்டம் கண்ணாடியில் வந்து படிந்திருந்தது. "குளிருது கண்ணு, வா" என்றேன். அந்தக் கையைப் பிடித்தேன், விரல்களை ஒவ்வொன்றாக மடித்தேன், சுவெட்டர் கைக்குள் விட்டு நுனியை இழுத்து மூடினேன். அவள் அழவில்லை, என்னை அண்ணாந்து பார்த்தாள், அவ்வளவுதான். ஐந்து வருடம் இந்த விரல்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவள் நான்... மூடுவது இத்தனை இலேசு என்று யாரும் சொல்லவில்லையே.