மூப்பர் சொன்ன போன் வைத்தியம்

எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் அறுபத்து மூன்று பேர். மூப்பர் துவுமாசியையும் என்னையும் விட்டால் மீதி அறுபத்தொரு பேருக்கும் மூப்பர்தான் போன் வைத்தியர். நான் பன்னிரண்டு வருடமாகக் கானா நாட்டுக் குமாசியில், டாஃபோ முக்கில், குடைக்குக் கீழே மேசை போட்டு போன் ரிப்பேர் செய்கிறவள். அதெல்லாம் ஒரு தகுதியா? மூப்பர் வெள்ளைச் சட்டை போடுகிறார், முன்வரிசையில் உட்காருகிறார், குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். போன் விஷயத்தில் வேறென்ன வேண்டும்?

விடிந்ததும் ஒரு குறிப்பு வரும். போன் சூடானால் ஐஸ்பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். சத்தம் குறைந்தால் ஒலி வரும் ஓட்டையை ஊசியால் மெதுவாகக் குத்துங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் பற்பசை தடவுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக நிற்கும். அதற்கும் கீழே அறுபது ஆமென். புதன்கிழமைக்குள் அந்த ஆமென்களில் நாலைந்து பேர், மீன் வாடை அடிக்கும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடுவார்கள். உண்மையைச் சொல்வதென்றால், என் பிழைப்பில் பாதி அவர் போட்ட பிச்சை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அஜேவா அக்கா வந்தாள். போனைக் கையில் கொண்டு வரவில்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள்.

"என்னக்கா, எனக்குச் சாப்பாடா?"

"தொறந்து பாரு டூஃபி."

திறந்தேன். கிண்ணம் நிறையக் காரி. மரவள்ளிக் கிழங்கைத் துருவி, புளிக்கவைத்து, பொடியாக வறுத்தது. எங்கள் ஊரில் காரி இல்லாத அடுப்படி கிடையாது. அதன் நடுவில், சுற்றிலும் கட்டி தட்டிப்போய், அக்காவின் போன் புதைந்து கிடந்தது.

"தண்ணி வாளிக்குள்ள விழுந்துடுச்சு. காரிக்குள்ள போட்டு வைங்க, ஈரத்த உறிஞ்சிடும்னு மூப்பர் எழுதியிருந்தாரு."

"அரிசின்னுல்ல ஊரு உலகமெல்லாம் தப்பா சொல்லிட்டிருக்கு? காரி எங்கேருந்து வந்துச்சு?"

"அரிசி விக்கிற வெலைல யாரால முடியும்? அதுவுமில்லாம அரிசியவிடக் காரி மூணு மடங்கு குடிக்கும்னாரு. அது நெசந்தான?"

நிஜம்தான். அதுதான் எரிச்சல். காரியில் தண்ணீரும் சர்க்கரையும் ஊற்றி, வேர்க்கடலை தூவிச் சாப்பிட்டு வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், அரைக் கிண்ணம் காரி தண்ணீர் பட்டால் முழுக் கிண்ணமாக ஊதும் என்று. அதே காரி சார்ஜ் ஓட்டைக்குள் போய் ஊதினால் என்ன ஆகும் என்று அறுபத்து மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆமென் போடத் தோன்றியது.

"எத்தன நாளா உள்ள கெடக்கு?"

"மூணு நாள். நடுவுல எடுத்து சார்ஜும் போட்டுப் பாத்தேன். கொஞ்சம் பொகை வந்துச்சு. அப்புறம் மறுபடியும் காரிக்குள்ளயே வெச்சுட்டேன்."

"பாவம், அதுக்குக் குளுராம இருக்கட்டும்னா?"

வாயை அடக்கியிருக்கலாம். சொல்லி முடித்தபோது அவள் கண் நிறைந்துவிட்டது.

"தண்ணில விழுந்தா ஒடனே அணைக்கணும்க்கா. எக்காரணம் கொண்டும் சார்ஜ் போடக் கூடாது. யாராவது தொறந்து தொடைக்கத் தெரிஞ்சவங்ககிட்ட அன்னிக்கே எடுத்துட்டுப் போகணும். இவ்வளவுதான் விஷயம்."

"நீ இத குரூப்ல சொல்லலாம்ல டூஃபி?"

சொல்லலாம்தான். மூப்பரோடு வாதாடி நேரத்தை வீணாக்குவானேன் என்று விட்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லாமல் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

கழற்றும்போதுதான் அவள் சொன்னாள். அந்தப் போனில் அவள் புருஷன் சார்பொங் அண்ணன் பேசிய வீடியோ இருக்கிறது. அண்ணன் ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேன் ஓட்டினவர். அவர் போய்ச் சேர்ந்து வரும் சனிக்கிழமையோடு சரியாக நாற்பது நாள். எங்கள் பக்கம் ஒரு ஆண் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு முன்னால் அக்கா தங்கை பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். சட்டம் வேறு மாதிரி சொல்கிறதுதான். ஆனால் சட்டம் தலைநகர் அக்ராவில் இருக்கிறது, மருமகன் வாசலில் இருக்கிறான். அதனால்தான் சாகப்போகிறவர் சாட்சிகளைக் கூப்பிட்டு, இன்னது இன்னாருக்கு என்று வாயால் சொல்வார். வாங்கிக்கொள்கிறவர் நன்றிக்கு ஊற்றும் சாராயத்தைச் சாட்சிகள் குடித்துவிட்டால் அந்தச் சொல் நிற்கும்.

சார்பொங் சொன்னார். இரண்டு அறை வீடு அஜேவாவுக்கு என்று சொன்னார். அவருடைய அக்கா மகன் அடொமாக்கோவும் பெரிய தங்கையும்தான் சாட்சி. இருவரும் குடித்தார்கள். இப்போது குடித்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதாம்.

"சனிக்கெழம குடும்பம் கூடுது. வீடியோ இல்லேன்னா சாவிய வெச்சுட்டுப் போன்னுடுவாங்க. மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு எங்க போவேன் டூஃபி?"

போனைத் திறந்தேன். உள்ளே பலகை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. புளித்த மாவும் ஈரமும் மின்சாரமும் சேர்ந்து மூன்று நாள் குடித்தனம் நடத்தியிருந்தன. ஸ்பிரிட் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். சூடு காட்டினேன். வேறு பேட்டரி கொடுத்தேன். அது கண்ணே திறக்கவில்லை. அக்ராவில் இதைவிட நுணுக்கமாகப் பார்க்கிற ஒருவனுக்குப் போன் போட்டேன். மூன்று வாரம் ஆகும், அதுவும் உத்தரவாதம் இல்லை என்றான். கூகுளில் நகல் இருக்கிறதா என்று கேட்டேன். நகல் எடுத்தால் நெட்டைத் தின்றுவிடும், நிறுத்தி வையுங்கள் என்று மூப்பர் ஈஸ்டருக்கு முன்னாலேயே குறிப்பு போட்டிருந்தாராம். எதிலும் குறை வைக்காத மனுஷன்.

அஜேவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குரூப்புக்கு அனுப்பினேனே. எங்க வீட்டுக்காரர்தான் அனுப்பச் சொன்னாரு. ஜெபம் பண்ணுங்கன்னு மேல எழுதிப் போட்டேன். உன்கிட்ட இருக்கும்ல டூஃபி? உன்கிட்டதான் இருக்கணும்."

என் போனை எடுத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். நாற்பத்திரண்டு நாள். கும்பிடும் கைகள், பூங்கொத்துகள், ஐஸ்பெட்டி, பற்பசை. அங்கே இருந்தது. மங்கலாக ஒரு சதுரம், நடுவில் கீழ்நோக்கிய அம்பு. மூப்பரின் குப்பை என் போனுக்குள் வரக் கூடாது என்று தானாக இறங்குவதை நான் எப்போதோ நிறுத்தி வைத்திருந்தேன். எதையாவது பார்க்க வேண்டுமென்றால் நானாகத் தொட வேண்டும். இதைத் தொடவில்லை. ஜெபம் என்று இருந்தால் நான் எதையுமே தொடுவதில்லை.

இப்போது தொட்டேன். அந்தக் கோப்பு இனி இல்லை, அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்று வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் யாருக்காகவும் வாட்ஸ்அப்காரர்கள் வைத்திருக்க மாட்டார்கள். அனுப்பியவள் காரிக் கிண்ணத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நீ அப்ப பாக்கலியா?"

"அன்னிக்கு நெட் இல்லக்கா" என்றேன். பொய். அன்று நான் கால்பந்து பார்த்தேன்.

அவள் கிண்ணத்தை மூடினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

புதனும் வியாழனும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மூப்பரைத் தவிர குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். பாதிப் பேர் என்னைப் போல, தொட்டதே இல்லை. மீதிப் பேர் திங்கள் துப்புரவு செய்தவர்கள். அதுவும் மூப்பரின் கண்டுபிடிப்புதான். திங்கள்கிழமை தோறும் வீடியோ அத்தனையையும் அழித்துவிட்டுக் கீழே 'முடித்தேன்' என்று எழுத வேண்டும். பாட்டுக்குழு மாமிக்கு ஒரே பெருமை.

"ஒரு வாரம்கூட நான் தவறவிட்டதில்ல டூஃபி. போனு எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

"ஆமா மாமி. கையில பிடிச்சா காத்துல பறக்கும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் மேசையை மூடிவிட்டு மூப்பரைப் பார்க்கப் போனேன். உதவி கேட்க இல்லை. ஊருக்கே அழிக்கச் சொன்னவர் தன்னுடையதையா விட்டு வைத்திருப்பார்? சண்டை போடத்தான் போனேன். அவர் சாவு வீடுகளுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர். கூரை வரை அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவில், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வா மகளே. கடவுளாப் பாத்து உன்ன அனுப்பிச்சிருக்காரு. இது ரெண்டு மாசமா தொங்குது. தொட்டா கால் மணி நேரம் யோசிக்குது."

"ஐஸ்பெட்டில வெச்சீங்களா?"

"சே, சே. போன யாராவது ஐஸ்பெட்டில வெப்பாங்களா?"

"நீங்கதான மூப்பரே எழுதினீங்க?"

"எனக்கு ஒருத்தர் அனுப்பினாரு. நல்ல விஷயம், நாலு பேருக்கு ஆகட்டும்னு அனுப்பி வெச்சேன். நான் செஞ்சு பாக்கல."

"காரி?"

"அதுவும் ஒருத்தர் சொன்னதுதான்."

அதன்பிறகு நான் பேசியதை எல்லாம் எழுத முடியாது. அஜேவா, வீடு, மூன்று பிள்ளைகள், அடொமாக்கோ, பச்சை பூத்த பலகை, எல்லாம் சொன்னேன். குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"சார்பொங் வீடியோவா? ஏன், என்கிட்ட இருக்கே."

"நீங்க அழிக்கல?"

"சபை ஜனம் கஷ்டத்தச் சொல்லி அனுப்புறாங்க. அத எப்பிடி மகளே அழிக்கிறது? நான் எதையும் அழிச்சதில்ல. அஜேவா அனுப்பின அன்னிக்கே ரெண்டு தடவ பாத்தேன். அவரு போனதுக்கப்புறம் ஒரு தடவ பாத்தேன்."

போனை வாங்கினேன். பதினான்காயிரம் சொச்சம் படமும் வீடியோவும். எள் போட இடமில்லை. ஊரில் ஒரு போன் தொங்கியது என்றால் அது இப்படித்தான் தொங்க வேண்டும். ஒவ்வொருவர் பிரசவமும் ஆபரேஷனும் பள்ளிக்கூட ரிசல்ட்டும் அதில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் பதில் எழுதியிருந்தார். நான் ஒரு நாளும் படிக்காத பதில்கள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று அந்த ஒன்றை வெளியே எடுக்க. மெமரி கார்டில் ஒன்று, என் போனில் ஒன்று, அஜேவாவுக்காகப் பென் டிரைவில் ஒன்று. ஓடுகிறதா என்று பத்து வினாடி பார்த்தேன். சார்பொங் தலையணையில் சாய்ந்துகொண்டு தொண்டையைச் செருமினார். படம் தெளிவு, சத்தம் தெளிவு. நிறுத்தினேன்.

"முழுசாப் பாத்துடு மகளே" என்றார் மூப்பர்.

"பாத்துக்கறேன்" என்று எழுந்தேன். வேலை முடிந்தது. அதற்குமேல் அதில் எனக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை முற்றத்தில் குடும்பம் கூடியது. துக்கத்துக்கு உடுத்தும் கறுப்புத் துணி, சிவப்புத் துணி, மூப்பரின் நாற்காலிகள். எழுபதுக்குக் காசு வாங்கிக்கொண்டு எண்பது இறக்கியிருந்தார். அடொமாக்கோ எழுந்து நின்று பேசினான். நன்றாகவே பேசினான்.

"மாமா கடைசி நாள்ல காய்ச்சல்ல என்னென்னமோ ஒளறினாரு. பக்கத்துலயே இருந்தவன் நான். வீட்டப் பத்தி ஒரு வார்த்த பேசல."

நான் டி.வி.யில் பென் டிரைவைச் செருகினேன். ஒலிபெருக்கி வயரையும் மாட்டினேன்.

"இந்த ரெண்டு ரூமும் அஜேவாவுக்கு" என்றார் சார்பொங், எண்பது நாற்காலிக்கும் கேட்கும்படி. "மண்ணு சுமந்தது அவ. செங்கல் அடுக்கினது அவ. நான் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். எவனும் அவகிட்ட சாவி கேக்கக் கூடாது." பக்கத்தில் ஒரு கை நீண்டு கிளாசை வாங்கியது. கையைத் தொடர்ந்து அடொமாக்கோவின் முகமும் வந்தது. ஒரே மடக்கு. உதட்டைத் துடைத்துக்கொண்டு, "கேட்டோம் மாமா, நன்றி" என்றான்.

குடும்பத் தலைவர் கைத்தடியைத் தரையில் ஊன்றினார். "கேட்டாச்சு. குடிச்சதும் பாத்தாச்சு. வீடு அவளோடது. அடுத்தத பேசுங்க." அடொமாக்கோ உட்கார்ந்தான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. டி.வி.யை அணைக்கக் கையை நீட்டினேன்.

அஜேவா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னும் இருக்கு."

திரையில் சார்பொங் மூச்சு வாங்கிக்கொண்டு கேமராவுக்கு நெருங்கி வந்தார்.

"டூஃபி, தங்கச்சி. சபைல போன் விஷயம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். மத்தவங்க தொலச்சிடுவாங்க, அழிச்சிடுவாங்க. இத நீ பத்திரமா வெச்சுக்கோ. பாத்ததும் சரின்னு ஒரு வார்த்த எழுதிப் போடு. நான் நிம்மதியா தூங்குவேன்."

அதோடு முடிந்தது. எண்பது பேர் என்னைப் பார்த்தார்கள். மூப்பர் பார்க்கவில்லை. குனிந்து நாற்காலிக் காலில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அஜேவா என் கையை விடவில்லை. தாழ்ந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கண்ண மூடுற வரைக்கும் ஆறு நாளும் கேட்டுக்கிட்டே இருந்தாரு, டூஃபி எழுதிட்டாளான்னு. எழுதிட்டான்னு நான் சொல்லிட்டேன்."